சாக்ஸபோனைச் சம்மணம் போட்டு உட்கார வைத்தவர்

இந்த முறை கணக்குப் பதிவியலும் கிடையாது, சினிமா விமர்சனமும் கிடையாது. ஒரு மனிதரைப் பற்றி எழுதப்போகிறேன். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் இறந்த அன்று எங்கள் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்தது ரொம்ப நாளாக மனதிலேயே கிடக்கிறது. அதை எழுதினால்தான் தீரும் போலிருக்கிறது.

2019 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மங்களூரில் சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் காலமானார் என்று டிவியில் கீழே ஓடியது. வயது 69. வீட்டில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. "டூயட் படத்துல வாசிச்சாரே, அவரா?" என்று அம்மா மட்டும் கேட்டார். அவ்வளவுதான்.

எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு நாயனக்காரத் தாத்தா இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நெல்லிக்குப்பம், பண்ருட்டி, கடலூர் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று நாற்பது வருஷத்துக்கு மேல் வாசித்தவர். அன்றைக்குப் புரட்டாசி மாதம். கல்யாணம் கிடையாது, வேலையும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்காமல் போய், "தாத்தா, சாக்ஸபோன் கோபால்நாத் செத்துட்டாராம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "என் பேரன் நாயனத்தைத் தூக்கிப் போட்டுட்டு அந்தப் பித்தளைக் குழாயை வாங்கினதுக்கு அந்த ஆளுதான் காரணம் தம்பி" என்றார். கோபமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் பிறகு தேடித் தேடிப் படித்தேன், கேட்டேன்.

முதலில் அந்தப் பித்தளைக் குழாயின் கதை. அடால்ஃப் சாக்ஸ் என்பவர் பெல்ஜியம் நாட்டில் தினான் என்ற ஊரில் 1814-இல் பிறந்தவர். வாத்தியம் செய்யும் குடும்பம். தன் பெயரையே வைத்து ஒரு புதுக் கருவியைச் செய்து, 1846-இல் பாரீசில் காப்புரிமை வாங்கினார். பிரெஞ்சு ராணுவ பேண்டு வாத்தியக் குழுக்களுக்குள் அது நுழைந்தது. சாக்ஸ் 1894-இல் இறந்தபோது ஜாஸ் என்று ஒரு சங்கதியே உலகத்தில் இல்லை. தன் குழந்தை எந்த ஊர் போய் யாரிடம் வளர்ந்தது என்று தெரியாமலேயே போய்விட்டார் மனிதர். அதன் பிறகு அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கையில் அது பேச ஆரம்பித்தது. சிட்னி பெஷே, கோல்மன் ஹாக்கின்ஸ், சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன் என்று பெரிய வரிசை. இதில் கோல்ட்ரேனுக்கு நம் ஊர் இசையின் மேல் பெரிய பைத்தியம். ரவிசங்கரின் நினைவாகத் தன் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார்.

இந்தியாவுக்கும் ஜாஸ் சீக்கிரமே வந்துவிட்டது. 1930-களில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் லியோன் ஆபி என்ற அமெரிக்கரின் குழு வாசித்திருக்கிறது. டெடி வெதர்ஃபோர்ட் என்ற பியானோக்காரர் கல்கத்தாவிலேயே தங்கி, 1945-இல் அங்கேயே இறந்தும் போனார். அவர்களிடம் கேட்டுக் கற்ற கோவா கலைஞர்கள் பலர் பிறகு இந்திப் படப் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் இதெல்லாம் ஓட்டலுக்குள்ளும் ஸ்டுடியோவுக்குள்ளும் நடந்தது. கோயில் பிராகாரத்துக்கு சாக்ஸபோன் வந்த கதை வேறு.

தட்சிண கன்னட மாவட்டத்தில் 1949 டிசம்பரில் பிறந்தவர் கோபால்நாத். அப்பா தனியப்பா நாதஸ்வரக்காரர். பையனும் அப்பாவிடம் முதலில் கற்றது நாதஸ்வரம்தான். (இதை நான் தாத்தாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!) சின்ன வயதில் மைசூர் அரண்மனை பேண்டு வாசிப்பில் சாக்ஸபோனைக் கேட்டார். கேட்டதும் பிடித்துக்கொண்டது. இதில்தான் கர்நாடக இசை வாசிப்பேன் என்று பிடிவாதம்.

அது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று புரிய, இரண்டு கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளை ஏழு. கீழே இருப்பவை சுருதி பார்ப்பதற்கு, மெழுகு வைத்து அடைப்பார்கள். விரல் நேராகத் துளையின் மேல் படுகிறது. முழுக்க மூடலாம், பாதி மூடலாம், மெதுவாக நகர்த்தலாம். மீதியை உதடும் சீவாளியும் மூச்சும் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் கமகம் வழுக்கிக்கொண்டு வருகிறது. சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடுவதே இல்லை. விரல் சாவியை அமுக்கும், சாவி மூடியை மூடும். ஒன்று திறந்திருக்கும், இல்லை மூடியிருக்கும். நடுவில் நிற்கிற பேச்சு கிடையாது. பன்னிரண்டு ஸ்வரமும் மாடிப்படி மாதிரி தனித்தனியாக நிற்கும். தோடி ராகத்துக் காந்தாரம் படியில் நிற்கிற ஸ்வரமா? அது ஊஞ்சல். படிக்கட்டில் ஊஞ்சல் கட்ட முடியுமா?

முடியும் என்று காட்ட அவருக்கு ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று. இருபது வருஷம்! நமக்கு மூன்று வருஷப் படிப்பே முடிய மாட்டேன் என்கிறது. மங்களூரில் கலாநிகேதனில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடம் பாடம். பிறகு சென்னைக்கு வந்து டி.வி. கோபாலகிருஷ்ணனிடம். டி.வி.ஜி. மிருதங்கமும் வாசிப்பார், பாடவும் பாடுவார், செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சாக்ஸபோன் வாசிக்கத் தெரியாதவரிடம் போய் சாக்ஸபோன்காரர் என்ன கற்றுக்கொள்வார் என்று எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. கற்றுக்கொண்டது பாட்டை. பாடுகிற மாதிரி வாசிக்க வேண்டும், அதற்குக் கருவியை என்ன செய்வது என்பது வாசிக்கிறவன் கவலை. கோபால்நாத் சாவிகளில் தன் தேவைக்கு மாற்றங்கள் செய்தார். உதட்டையும் மூச்சையும் வைத்தே ஸ்வரத்தை வளைத்தார். ஜாஸ்காரர்களும் உதட்டால் வளைப்பவர்கள்தான். ஆனால் ஒரு ராகம் முழுக்க, ஒன்றரை மணி நேரம், இலக்கணம் பிசகாமல் வளைப்பது வேறு வித்தை.

இன்னொரு விஷயம் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கிளாரினெட்டின் உள்குழாய் ஒரே அகலம். சாக்ஸபோனின் உள்குழாய் மேலே குறுகி, கீழே போகப் போக விரியும். நாதஸ்வரமும் அப்படியேதான். அழுத்தி ஊதினால் நேராக அடுத்த ஸ்தாயிக்குப் போவது இந்தக் கூம்பு வடிவத்தால்தான். ஒன்று ஆச்சா மரம், ஒன்று பித்தளை. ஒன்றுக்கு இரட்டை நாக்கு, ஒன்றுக்கு ஒற்றை நாக்கு. ஆனாலும் உள்ளுக்குள் சொந்தக்காரர்கள். நாதஸ்வர வீட்டுப் பையனின் காது அரண்மனை பேண்டில் அத்தனை வாத்தியங்களுக்கு நடுவே இதை மட்டும் பிடித்துக்கொண்டதற்கு இது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான், சண்டைக்கு வராதீர்கள் :-)

ஆக, ஜாஸ்? வருகிறேன். 1980-இல் பம்பாயில் ஜாஸ் விழா. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜான் ஹாண்டி அங்கே வந்திருந்தார். ஏற்கெனவே அலி அக்பர் கானோடு சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டவர், அதனால் நம் இசை அவருக்குப் புதிது இல்லை. கோபால்நாத் வாசித்ததைக் கேட்டுவிட்டு, மேடையில் சேர்ந்து வாசிக்க வாருங்கள் என்று அவரே கேட்டார். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுக் கதவுகள் திறந்தன. பிராக் ஜாஸ் விழா, பெர்லின் ஜாஸ் விழா, 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பி.பி.சி. நடத்தும் ப்ராம்ஸ் கச்சேரி. அந்த விழாவுக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவர்தான். ஜாஸ்காரர்கள் மேடையில் நின்று, ஆடி, வியர்த்து வாசிக்கிற கருவியோடு இவர் பளபளக்கும் பட்டு ஜிப்பாவில் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஏ. கன்யாகுமரி வயலின். நம் சபா மேடை எப்படி இருக்குமோ அப்படியே.

அதே 1994-இல்தான் கே. பாலசந்தரின் 'டூயட்'. பிரபு கையில் சாக்ஸபோன், ஊதுவது கோபால்நாத், இசை ஏ.ஆர். ரஹ்மான். ராகம் ராகமாக வாசித்துக்கொண்டே போனதாகவும், கடைசியில் கல்யாண வசந்தம் வந்தபோதுதான் இதுதான் வேண்டும் என்றார்கள் என்றும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் படம் வந்த பிறகு தமிழ்நாட்டில் சாக்ஸபோன் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. கலைமாமணி, 2004-இல் பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. அந்தப் பட்டியலை வேகமாகக் கடந்துவிடுகிறேன், விருது எல்லாருக்கும்தான் வருகிறது.

வெளிநாட்டுக் கருவி நம் இசைக்குள் வருவது புதிது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயலினைப் பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அது இல்லாமல் ஒரு கச்சேரி கிடையாது. கிளாரினெட் சதிர்க் கச்சேரிகளில் வந்து, பிறகு ஏ.கே.சி. நடராஜன் கையில் தனிக் கச்சேரிக்கு உயர்ந்தது. அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் கொடுத்ததே நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளைதான். பிறகு மாண்டலின் ஸ்ரீநிவாஸ், பாவம், 2014-இல் 45 வயதிலேயே போய்விட்டார். ஒவ்வொரு முறையும் முதலில் முகம் சுளிப்பார்கள். அப்புறம் தலையாட்டுவார்கள்.

ஆனால் வயலின் வந்ததால் எந்த மேளக்காரர் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. சாக்ஸபோன் அப்படியா? இங்கேதான் தாத்தாவின் கோபம் எனக்கு உறைத்தது. எங்கள் பிசினஸ் எகனாமிக்ஸ் பாடத்தில் பதிலீட்டுப் பொருள், நிரப்புப் பொருள் என்று இரண்டு வரும். காப்பியும் டீயும் பதிலீடு. பேனாவும் மையும் நிரப்பு. வயலின் பாட்டுக்கு நிரப்பு. சாக்ஸபோன் நாதஸ்வரத்துக்குப் பதிலீடு. கடலோரக் கர்நாடகத்தில் கோயில் விழாவிலும் கல்யாணத்திலும் சாக்ஸபோன் சாதாரணமாகிவிட்டது. நம் பக்கமும் வரவேற்பு என்றால் சாக்ஸபோன், கீபோர்டு என்று கேட்கிறார்கள். நாயனம் மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு, கெட்டிமேளத்துக்கு மட்டும். சாயங்காலம் வரவேற்பில் வாசிக்கிறவருக்கு மைக், நாற்காலி, கைத்தட்டல். விடியற்காலை நாலு மணிக்கு மண்டபத்து வாசலில் தூக்கக் கலக்கத்தோடு ஊதுகிறவருக்கு யார் கை தட்டுகிறார்கள்?

நாதஸ்வரக்காரர்கள் மரியாதைக்குப் பட்ட பாடு பழைய கதை. ஊர்வலத்தில் மைல் கணக்காக நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். உட்கார்ந்து வாசிக்க மேடை வேண்டும் என்று நிமிர்ந்து நின்று கேட்டவர் ராஜரத்தினம் பிள்ளை. அந்த மனிதர் கேட்டு வாங்கினார் என்பதற்காக ஊர் முழுக்க எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. சிதம்பரத்தில் ஆனித் தேர் அன்று பாருங்கள். சாமி புறப்படும்போது மல்லாரி வாசித்தால் உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பு தெருமுனை தாண்டுவதற்குள் வாசித்தவர் முகம் நமக்கு மறந்துவிடும். (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) இந்த நிலையில், நாயனக்கார வீட்டில் பிறந்த ஒரு பையன் சாக்ஸபோனைப் பார்த்து இதில் ஒரு நாற்காலி இருக்கிறது என்று நினைத்தால் அவனை எப்படிக் குறை சொல்வது? கோபால்நாத்தும் அப்படி ஒரு வீட்டுப் பையன்தானே.

இதற்கு நேர் எதிராகவும் ஒருவர் இருந்தார். அதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. சார்லி மாரியானோ என்று ஒரு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். 1923-இல் பாஸ்டனில், இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். சார்லஸ் மிங்கஸ் குழுவில் வாசித்தவர், பெர்க்லி இசைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவர். 1960-களில் மலேசியாவுக்கு வேலையாகப் போன இடத்தில் நம் தமிழர்களின் நாதஸ்வரத்தைக் கேட்டுச் சொக்கிப்போனார். கற்றுக்கொள்ள ஆரம்பித்தார், அதற்காகத் தென்னிந்தியாவுக்கும் வந்தார். தன் ஜாஸ் இசைத்தட்டுகளிலேயே நாதஸ்வரம் வாசித்தார். 1983-இல் பெங்களூர் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு 'ஜோதி' என்று ஒரு இசைத்தட்டு. 2009-இல் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் காலமானார். நாதஸ்வர வீட்டுப் பையன் சாக்ஸபோனுக்குப் போக, சாக்ஸபோன்காரர் நாதஸ்வரத்துக்கு வருகிறார். இக்கரைக்கு அக்கரை.

சரி, கோபால்நாத் ஆசிரியராக என்ன செய்தார்? மேடைக்காரர்கள் எல்லாரும் நல்ல வாத்தியார்கள் இல்லை. தாங்கள் இருபது வருஷம் தடவித் தடவிக் கண்டுபிடித்ததைச் சிலர் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வார்கள். இவர் திறந்து கொடுத்தார். கர்நாடக இசைக்கு சாக்ஸபோனில் எப்படி விரல் வைப்பது, எங்கே மூச்சு எடுப்பது என்பதற்கு அவருக்கு முன் வழி போட்டுத் தந்தவர்கள் பெரிதாக இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அது பாடம். அவரிடம் கற்ற எம்.எஸ். லாவண்யா இன்றைக்குத் தனிக் கச்சேரி செய்கிற பெயர் பெற்ற கலைஞர். பெண்கள் இந்தக் கருவியைத் தூக்கிக் கச்சேரி மேடையில் உட்காருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாதஸ்வரத்திலேயே எத்தனை பெண்களை நாம் மேடை ஏற்றினோம்?

எனக்கு ரொம்பப் பிடித்தது ருத்ரேஷ் மகந்தப்பா கதை. அமெரிக்காவில் கொலராடோவில் வளர்ந்த இந்தியப் பையன், ஜாஸ் சாக்ஸபோன் படித்துக்கொண்டிருந்தான். இந்தியன் என்பதாலேயே உனக்கு இந்திய இசை தெரியுமே என்று எல்லாரும் கேட்பார்கள், அவனுக்கோ ஒன்றும் தெரியாது. அண்ணன் ஒரு நாள் கேலியாக ஒரு இசைத்தட்டு வாங்கிக் கொடுத்தார், 'இந்திய பாணியில் சாக்ஸபோன்' என்ற பொருளில் தலைப்பு. வாசித்தது கத்ரி கோபால்நாத். போட்டுக் கேட்டவன் வாயடைத்துப் போனான். தான் வருஷக்கணக்காகப் பிடித்திருக்கும் கருவி இப்படியெல்லாம் பேசுமா என்று. பிறகு அவரைத் தேடிச் சென்னைக்கே வந்தார் மகந்தப்பா (இப்போது மரியாதை கொடுத்துவிட வேண்டியதுதான், பெரிய ஆளாகிவிட்டார்). கூட உட்கார்ந்து கற்றார், பயணம் செய்தார். 2008-இல் இருவரும் சேர்ந்து 'கின்ஸ்மென்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். கின்ஸ்மென் என்றால் உறவுக்காரர்கள். கன்யாகுமரியின் வயலினும் பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் அதில் உண்டு.

கேட்டுப் பாருங்கள். முதல் முறை எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஒரே சத்தமாக இருந்தது. மூன்றாம் முறை கேட்டபோது இரண்டு சாக்ஸபோனையும் தனித்தனியாகப் பிரிக்க முடிந்தது. ஒன்று தாவித் தாவிப் போகிறது, இன்னொன்று வழுக்கிக்கொண்டு வருகிறது. தாவுகிறது சீடன், வழுக்குகிறது குரு. அமெரிக்காவிலிருந்து வந்த ஜாஸ்காரருக்கு வழுக்கக் கற்றுக்கொடுத்தது நாதஸ்வரத் துளையில் பழகிய விரல். இதைத்தான் நான் தாத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் இதெல்லாம் நான் படித்தது பிற்பாடு.

அந்தப் புரட்டாசி வெள்ளிக்கிழமைக்குத் திரும்ப வருகிறேன். பேரனைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தாத்தா வெற்றிலையைத் துப்பினார். "உன் போன்ல வருமா அது?" என்று கேட்டார். "எது தாத்தா?" என்றேன். "அந்த ஆளு வாசிச்சது. சினிமா வேணாம். தோடி இருக்கா பாரு."

அப்பாவின் போனை வாங்கி வந்து தேடிப் போட்டேன். சின்ன ஸ்பீக்கர், இரைச்சல் வேறு. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஆலாபனை நடுவில் ஒரு இடத்தில் அவருடைய வலது கை விரல்கள் முழங்காலின் மேல் அசைந்தன. ஒன்றைத் தூக்கி, ஒன்றைப் பாதி மூடி... அங்கே இல்லாத நாயனத்தை வாசித்துக்கொண்டிருந்தார். "இது சாவியில வர்ற சங்கதி இல்லடா, இவன் அப்பன்கிட்ட நாயனம் படிச்சவன்டா" என்றார். அப்பா நாதஸ்வரக்காரர் என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

போன் சார்ஜ் தீர்கிற வரைக்கும் கேட்டோம். பேரன் வேலை முடிந்து பைக்கில் வந்து இறங்கினான், தோளில் சாக்ஸபோன் பெட்டி. தாத்தா அவனைப் பார்த்து, "டேய், உள்ள போகாத. அத எடு, உக்காரு இங்க" என்றார்.